முசியம் நெகாரா: ஸ்கூல் ட்ரிப்போட நிறுத்திடாதீங்க, வீட்டு பெரியவங்களோட இன்னொரு தடவ போங்க

நம்ம ஆளுங்ககிட்ட கோலாலம்பூர்ல இருக்குற முசியம் நெகாரா, அதான் தேசிய அருங்காட்சியகம், போயிருக்கீங்களானு கேட்டா முக்காவாசி பேரு "ஆமா, ஸ்கூல்ல கூட்டிட்டு போனாங்க"ம்பாங்க, அதோட சரி. நானும் அப்படித்தான். நாலாவது படிக்கிறப்போ போனோம், பஸ்சு லேட்டா வந்ததால எல்லாத்தையும் அரைமணி நேரத்துல பாத்து முடிக்கணும்னு வாத்தியாரு கைய தட்டி தட்டி வெரட்டினாரு, ரெண்டு ரெண்டு பேரா கை கோத்துக்கிட்டு ஓடுனது மட்டும்தான் ஞாபகம். உள்ள என்ன பாத்தேன்னு கேட்டா ஒண்ணும் சொல்லத் தெரியாது. வீடு இருக்குறது பிரிக்பீல்ட்ஸ்ல, முசியம் நடந்து போற தூரம், இருந்தும் முப்பது வருஷமா அந்த பக்கம் தலை வச்சு படுக்கல. போன மாசம் ஒரு சனிக்கிழமை அப்பாவையும் என் பையனையும் கூட்டிக்கிட்டு கெளம்புனேன், ஒரு மணி நேரத்துல சுத்திட்டு வந்து சமைக்கலாம்னுதான் நெனச்சேன், காலையில ஒன்பதரைக்கு உள்ள போனவங்க வெளிய வரும்போது மணி ரெண்டே முக்கால். அன்னைக்கு ராத்திரியே இத எழுதணும்னு தோணிடுச்சு.

அப்பாவுக்கு எழுபத்தி நாலு வயசு. செந்தூல் ரயில்வே வர்க்‌ஷாப்புல பதினெட்டு வயசுல சேந்து ஃபிட்டரா வேலை செஞ்சு பென்ஷன் ஆனவரு. பையன் தமிழ்ப்பள்ளியில மூணாவது படிக்கிறான், எதப் பாத்தாலும் ஏன்னு கேக்குற வயசு. இந்த ரெண்டு பேரையும் ஒண்ணா கூட்டிட்டு போனதுதான் அன்னைக்கு நான் செஞ்ச நல்ல காரியம், தனியா போயிருந்தா பலகைய படிச்சுட்டு ஒரு மணி நேரத்துல வந்திருப்பேன்.

போற வழி ரொம்ப சுலபம். எம்ஆர்டி ரயில்ல முசியம் நெகாரானே ஒரு ஸ்டேஷன் இருக்கு, எறங்கி மேல ஏறி வந்தா முசியம் பக்கத்துலயே. கேஎல் சென்ட்ரல்ல இருந்து வர்றவங்களுக்கும் ஸ்டேஷனுக்குள்ளயே நடைபாதை இருக்கு, வெயில் மழைன்னு பயப்பட வேணாம். டிக்கெட்டு எனக்கு ரெண்டு வெள்ளி, ரிங்கிட்டத்தான் நாங்க வெள்ளிம்போம். ஒரு தே தாரிக், அதான் இழுத்து ஆத்துன டீ, அதோட காசு. ஒண்ணே ஒண்ணு, உள்ள ஏர்கான் நல்லா குளுரும், வயசானவங்களுக்கு ஒரு ஜாக்கெட் எடுத்துக்கோங்க, அப்பா என் சால்வைய போத்திக்கிட்டுதான் சுத்துனாரு.

உள்ள போற அவசரத்துல பலபேரு வாசல் சுவத்த பாக்காம போயிடுறாங்க, தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க. கட்டடத்தோட முகப்புல ரெண்டு பக்கமும் நீளமா சுவரோவியம் இருக்கு, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 35 மீட்டர் நீளம் 6 மீட்டர் ஒசரம், செயோங் லாய் தோங்ங்கிற ஓவியர் செஞ்சது. தூரத்துல இருந்து பெயிண்ட் அடிச்ச மாதிரி தெரியும், ஆனா பெயிண்டே இல்ல, எல்லாம் இத்தாலி கண்ணாடி சில்லு. ஒரு பக்கம் நாட்டு வரலாறு, இன்னொரு பக்கம் மக்களோட தொழிலும் கலையும். நாங்க கிட்ட போயி நின்னோம். நீலம்னு தூரத்துல தெரிஞ்ச இடத்துல கிட்ட பாத்தா ஒரே நீலம் இல்ல, வெளிர் நீலம், கருநீலம், பச்ச கலந்த நீலம்னு சில்லு சில்லா மாறி மாறி பதிச்சிருக்கு, காலை வெயில் பட்டு ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு மாதிரி மின்னுது. பையன் ஒரு சாண் அளவுக்கு மட்டும் எண்ணிப் பாக்குறேன்னு ஆரம்பிச்சு பாதியில விட்டுட்டான். அறுபது வருஷத்துக்கு மேல வெயில்லயும் மழையிலயும் நிக்குது, நிறம் இன்னும் வெளுக்கல.

கட்டடம் 1963 ஆகஸ்ட் 31ந் தேதி தெறந்தது, அப்போ மாமன்னரா இருந்த துவாங்கு சையத் புத்ரா தெறந்து வச்சாரு. ஹோ கோக் ஹோ தான் கட்டடக்கலைஞர். கெடாவுல அலோர் ஸ்டாருல பாலாய் பெசார்னு ஒரு பழைய அரசவை மண்டபம் இருக்கே, அதோட சாயல்ல கட்டுனது, அதான் கூரை அந்த மாதிரி தூக்கி நிக்குது. ஆனா இந்த மேட்டுல நின்ன மொத முசியம் இது இல்ல. இதே எடத்துல 1907ல தெறந்த சிலாங்கூர் முசியம் இருந்துச்சு. ஜப்பான்காரன் காலம் முடியப்போற சமயம், 1945 மார்ச் 10ந் தேதி, நேச நாட்டு விமானங்க வந்து குண்டு போட்டுச்சு, குறி வச்சது பக்கத்துல இருந்த ரயில்வே யார்ட, ஒடஞ்சது முசியம். மிச்சம் மீதி பொருள தைப்பிங்ல இருக்குற பேராக் முசியத்துக்கு கொண்டு போனாங்க, அது 1883ல ஆரம்பிச்சது, நாட்டுலயே ரொம்ப பழசு. இத நான் பையனுக்கு சொல்லிக்கிட்டு இருந்தேன், அப்பா குறுக்க வந்து "யார்டு இந்த கீழதான்டா, எங்க அப்பா காலத்து ஆளுங்க அந்த குண்டு சத்தத்த பத்தி சொல்லுவாங்க, பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸ்ல இருந்தவங்க எல்லாம் சட்டி பானைய விட்டுட்டு ஓடுனாங்களாம்"னாரு. இந்த கதைய இத்தன வருஷத்துல அப்பா என்கிட்ட ஒரு தடவ கூட சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல.

உள்ள மொத்தம் நாலு கேலரி, கீழ ரெண்டு மேல ரெண்டு. ஏ, பி, சி, டி. வரிசையா போனா கல்லு காலத்துல ஆரம்பிச்சு இன்னைக்கு மலேசியா வரைக்கும் வந்துடலாம்.

மொத கேலரியில பையன பிடிச்சு நிறுத்துனது பேராக் மனிதன். 1991ல பேராக்ல லெங்கோங் பக்கம் குனோங் ருந்து குகையில ஜுரைனா மஜிட் தலைமையில யூஎஸ்எம் பல்கலைக்கழக ஆளுங்க தோண்டி எடுத்தாங்க, பத்தாயிரம் வருஷத்துக்கும் மேல பழைய எலும்புக்கூடு. கால மடக்கி, அம்மா வயித்துல இருக்குற புள்ள மாதிரி படுக்க வச்சு பொதச்சிருக்காங்க, கூடவே சிப்பி, கல்லு ஆயுதம் எல்லாம். இதுல விஷயம் என்னன்னா அந்த ஆளுக்கு பொறப்புலயே இடது கை ஊனம், கை சின்னது, வெரலு எலும்பு சரியா வளரல. வேட்டையாடி சாப்புடுற காலத்துல ஒரு கை வேலை செய்யாத ஆளு நாப்பது வயசுக்கு மேல உயிரோட இருந்திருக்காரு, அவரு செத்தப்போ அவ்வளவு பொருள வச்சு மரியாதையா பொதச்சிருக்காங்க. பையன் கேட்டான், "அப்போ அவருக்கு யாரும்மா சாப்பாடு குடுத்தா?" நான் கொஞ்ச நேரம் பேசல. கூட இருந்தவங்கதான் குடுத்திருப்பாங்கடானு அப்பா சொன்னாரு. கண்ணாடி முன்னாடி ஒரு பத்து நிமிஷமாவது நின்னிருப்போம், பின்னாடி வந்த ரெண்டு குடும்பம் எங்கள தாண்டி போயிடுச்சு.

அப்புறம் நான் எதுக்காக போனேனோ அது. கடாரம், இன்னைக்கு நாம கெடான்னு சொல்ற எடம்.

சின்ன வயசுல இருந்து கடாரம் கடாரம்னு கேட்டுத்தான் வளந்திருக்கோம். "கடாரம் கொண்டான்"னு ராஜேந்திர சோழனுக்கு பேரு, 1025ல கப்பல் படை வந்து அடிச்சதுன்னு மேடையில எல்லாரும் கைதட்டி பேசுவாங்க. ஆனா கெடாவுல இருக்குற பூஜாங் பள்ளத்தாக்குல தோண்டி எடுத்த பொருளு இருக்குற எடத்துல நின்னு பாக்கும்போது எனக்கு படையெடுப்பு ஞாபகமே வரல. அங்க இருக்குறது எல்லாம் சண்டை சாமானே இல்ல. கும்புட்ட சாமி, கோயில் கல்லு, வியாபாரத்துக்கு வந்த மணி, பானை ஓடு. குனோங் ஜெராய் மலை கடல்ல ரொம்ப தூரத்துல இருந்தே தெரியும், கப்பக்காரனுக்கு அதுதான் அடையாளம், காத்து ஒரு பக்கம் அடிக்கிறப்போ வந்து எறங்குவான், காத்து திரும்புற வரைக்கும் மாசக்கணக்குல தங்கித்தான் ஆகணும். தங்குற எடத்துல சாமி வேணும், சந்தை வேணும். அப்படி வளந்த ஊரு. அங்க சுங்கை பத்துங்கிற எடத்துல இரும்பு உருக்குன ஒலை எல்லாம் தோண்டி எடுத்திருக்காங்க.

படையெடுப்புக்கு முன்னாடி நடந்த ஒண்ண நம்ம மேடையில ரொம்ப பேசமாட்டாங்க. இந்த பக்கத்து ராஜா, கடாரத்து அரசன்னு நம்ம செப்பேடு சொல்ற ஸ்ரீவிஜய மன்னரு, நாகப்பட்டினத்துல ஒரு புத்த விகாரம் கட்டுனாரு, சூடாமணி விகாரம்னு பேரு. அதுக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலங்கிற ஊரோட வருமானத்தையே எழுதி வச்சாரு, 1006 வாக்குல. சிவன் கோயில் கட்டுன ராஜா, கடல் தாண்டி இருக்குற ராஜா கட்டுன புத்த பள்ளிக்கு ஊரு குடுக்குறாரு. மகன் காலத்துல சண்டை வந்துச்சு, அது வேற கதை, ஆனா மொதல்ல இருந்தது இந்த ஒறவு.

இத அப்பாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன், நாகப்பட்டினம்னு சொன்னதும் அவரு என் கைய புடிச்சாரு. "எங்க தாத்தா கப்ப ஏறுனது நாகப்பட்டினத்துலதான் ஆயி"னாரு. திருத்துறைப்பூண்டி பக்கத்து கிராமம், கங்காணி கூட்டிட்டு வந்த கூட்டத்துல ஒருத்தரு, கப்பல்ல ஏறி பினாங்கு, அங்க எறங்க விடாம ஜெரஜாக் தீவுல கொரண்டின்ல போட்டு வச்சிருந்து அப்புறம்தான் விட்டாங்களாம். அதே கடல், அதே துறை, நடுவுல தொள்ளாயிரம் வருஷம். ராஜாவோட ஆளுங்க விகாரம் கட்ட போன வழியில எங்க கொள்ளுத்தாத்தா பால்மரம் வெட்ட வந்திருக்காரு. அந்த பொருளுங்க பக்கத்துல இருக்குற பலகையில இது இருக்காது, முசியம் பலகைன்னா எங்கயும் நாலு வரிதான், மிச்சத்த நாமதான் வீட்டுல இருந்து எடுத்துட்டு போகணும். அதுக்குத்தான் சொல்றேன், பெரியவங்கள கூட்டிட்டு போங்கன்னு.

இதே தளத்துல ஒரு சிலை இருக்கு, நான் இந்த முசியத்துல ஒண்ணே ஒண்ணுதான் பாக்க முடியும்னா அதத்தான் பாப்பேன். அவலோகிதேஸ்வரர், வெண்கலம், எட்டு கை, நின்ன கோலம். ஒசரம் ஒரு மீட்டர் கூட இருக்காது. 1936ல பேராக்ல பீடோர்ங்கிற ஊருல ஈயலம்பத்துல, அதான் ஈயச் சுரங்கத்துல, மண்ணு வெட்டுறப்போ கெடச்சது. நூத்துக்கணக்கான வருஷமா மண்ணுக்குள்ள ஈயத்தோட ஈயமா கெடந்திருக்கு. கிட்ட போயி இடுப்ப பாருங்க, புலித்தோல் கட்டியிருக்கு. மொகத்துல ஒரு அமைதி, கண்ணு முழுசா தெறக்கவும் இல்ல மூடவும் இல்ல. வெண்கலம் அங்கங்க பச்ச பூத்து, அங்கங்க கருத்து, விரல் நுனி மாதிரி மெல்லிசா இருக்குற எடத்துல எல்லாம் காலம் கடிச்ச மாதிரி இருக்கு. அப்பா மொத பார்வையில "முருகன் மாதிரி இருக்கே, ஆனா பன்னெண்டு கை இல்லையே"ன்னாரு, நான் போதிசத்துவருன்னு சொன்னேன், கருணைக்கு உள்ள சாமின்னு. உடனே கைய கூப்பிட்டாரு. யாரும் ஒண்ணும் சொல்லல, பக்கத்துல நின்ன ஒரு சீன பாட்டியும் தலைய குனிஞ்சு கும்புட்டாங்க.

எழுத்த படிச்சுட்டு நான் "பீடோர்ப்பா"ன்னேன். அப்பா சிலைய பாத்தாரு, என்னைய பாத்தாரு. அப்பாவோட அப்பா பொறந்து வளந்தது பீடோர் பக்கத்து தோட்டம். 1936ல அவருக்கு பதினாலு வயசு இருக்கும், அப்பவே பால் வாளி தூக்க ஆரம்பிச்சிருப்பாரு. இந்த சிலை மண்ணுல இருந்து வெளிய வந்தப்போ எங்க தாத்தா அந்த ஊருலதான் இருந்திருக்காரு. அவரு காதுல அந்த சேதி விழுந்துச்சோ இல்லையோ, லயத்துல யாராச்சும் "லம்பத்துல சாமி கெடச்சிருக்காம்"னு பேசியிருப்பாங்கன்னு அப்பா சொன்னாரு. எனக்கு ஒடம்பு சிலுத்துடுச்சு.

மலாய் அரசுகளோட பகுதி மலாக்கா, கெரிஸ் கத்தி, மர வேலைப்பாடு, அரண்மனை சாமானுன்னு பாக்க பாக்க பளபளன்னு இருக்கும், ஆனா சின்ன பசங்க இங்க அலுத்துப் போக ஆரம்பிப்பாங்க. என் பையனும் ஆரம்பிச்சான். அப்போதான் ஒரு வெளையாட்டு தோணுச்சு, பலகையெல்லாம் மலாய்லயும் இங்கிலீஷ்லயும் இருக்கு இல்ல, மலாய் எழுத்துல ஒளிஞ்சிருக்குற தமிழ் வார்த்தைய கண்டுபுடி, ஒரு வார்த்தைக்கு அம்பது காசுன்னேன். அவ்வளவுதான், பலகை பலகையா ஓடுறான். மொதல்ல "காப்பால்". கப்பல். அப்புறம் "பெத்தி", பெட்டி. நான் சும்மா இருக்காம "பெரிசாய்"னா என்னன்னு கேட்டேன், கேடயம், நம்ம பழைய தமிழ்ல பரிசைன்னு சொல்றதுதான் அது. மாளிகை அங்க போயி "மஹ்லிகாய்" ஆயிருக்கு. "கெடாய்"யும் "காத்தில்"லும் அவனே சொன்னான், கடை, கட்டில், தினமும் மலாய் பாடத்துல படிக்கிற வார்த்தை, நம்மளுதுன்னு இத்தன நாளா யோசிக்கவே இல்லம்மாங்குறான். மூணு வெள்ளி போச்சு எனக்கு. ஆனா பாருங்க, போன வார்த்தை எல்லாம் என்ன வார்த்தை? கப்பல், கடை, பெட்டி. வியாபாரி கொண்டு வந்த வார்த்தை. மலாக்கா சுல்தான் காலத்துல துறைமுகத்துக்கு நாலு ஷாபந்தர், அதாவது துறைமுக அதிகாரிங்க, இருந்தாங்க, நம்ம சோழமண்டலக் கரையில இருந்து வர்ற வியாபாரிங்கள பாத்துக்கிட்டதும் அதுல ஒருத்தரு. புள்ளைங்கள கூட்டிட்டு போற தாய் தகப்பனுங்க இந்த வெளையாட்ட கண்டிப்பா வெளையாடுங்க, போன் கேக்காம ஒரு மணி நேரம் சுத்துவாங்க.

மாடிக்கு போறதுக்கு முன்னாடி அப்பா முட்டிக்கு கொஞ்சம் ஒக்காந்துட்டு போனோம். மேல சி கேலரி காலனி காலம். போர்த்துகீசியன் 1511ல மலாக்காவ புடிச்சதுல இருந்து டச்சுக்காரன், வெள்ளைக்காரன், ஜப்பான்காரன்னு வரிசையா வருவாங்க. ஈயமும் ரப்பரும் வர்ற எடத்துல எனக்கு வேலையே இல்லாம போச்சு, அப்பாதான் பேரனுக்கு கைடு. பிரேசில்ல இருந்து இங்கிலாந்து போயி அங்கருந்து 1877ல இந்த பக்கம் கன்னு வந்த கதை, கோலகங்சார்ல நட்ட மரம்னு நான் படிச்சு சொல்ல ஆரம்பிச்சேன், அப்பா அத காதுலயே வாங்கல. "இங்க பாருடா, உளிய இப்படி புடிக்கணும், பட்டைய மட்டும் சீவணும், உள்மரத்துல பட்டுச்சுன்னா மரம் கெட்டுடும், கங்காணி வந்து பாத்தான்னா சம்பளத்துல புடிப்பான்"னு கைய சாச்சு காத்துலயே கோடு போட்டு காட்டுறாரு. பால் புடிக்குற மங்கு எங்க மாட்டணும், விடியக்காலம் ஏன் வெட்டணும், வெயில் ஏறுனா பால் நின்னு போயிடும், மழை பேஞ்சா அன்னைக்கு வேலை இல்ல கூலியும் இல்ல, பெரட்டுக் களத்துல பேரு கூப்புடுற நேரத்துக்கு நிக்கலைன்னா என்ன ஆகும், எல்லாம் அவரு அம்மா சொல்லி கேட்டதும், சின்னதுல லீவுக்கு தோட்டத்துக்கு போயி பாத்ததும். ஒரு வெள்ளைக்கார ஜோடி பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க, நான் இங்கிலீஷ்ல சொன்னேன், கடைசில அவங்களும் கைய சாச்சு அப்பா மாதிரி செஞ்சு பாத்தாங்க. ஒரு முசியத்துல இதவிட வேற என்ன வேணும் சொல்லுங்க.

ஜப்பான் காலத்து பகுதியில ஒரு சைக்கிள் இருக்கு. அந்த ராணுவம் சைக்கிள்லதான் வடக்க இருந்து கீழ எறங்குச்சு. அப்பா அங்க பேசல. அவரோட பெரியப்பாவ சயாமுக்கு, இன்னைக்கு தாய்லாந்து, புடிச்சுட்டு போனாங்க, சயாம் மரண ரயில் போட, திரும்பி வரல. தோட்டத்துல இருந்து போன நம்ம ஆளுங்க ஆயிரக்கணக்குல, பத்தாயிரக்கணக்குல அந்த காட்டுல செத்தாங்க, எத்தனையோ வீட்டுல அவங்களுக்கு ஒரு போட்டோ கூட கெடையாது. நாங்களும் அங்க ரொம்ப நேரம் நிக்காம நகந்துட்டோம்.

டி கேலரி சுதந்திரத்துக்கு அப்புறம். மெர்டேக்கா, கொடி, தேசிய சின்னம், மொத பிரதமர் துங்கு. பள்ளிக்கூட பாடம் எடுக்குற பிள்ளைங்களுக்கு உதவும், எனக்கு கீழ ரெண்டு கேலரி குடுத்த அளவுக்கு இது குடுக்கல, இருவது நிமிஷத்துல முடிச்சுட்டோம். உங்களுக்கு நேரம் கொஞ்சம்தான் இருக்குன்னா கீழ ரெண்டையும் சியையும் மெதுவா பாருங்க.

வெளிய வந்தா முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சு கெளம்பிடாதீங்க, வளாகத்துலயே இன்னும் இருக்கு. திரெங்கானுல இருந்து கழட்டி கொண்டு வந்து 1974ல இங்க நிறுத்துன பழைய மர அரண்மனை, இஸ்தானா சத்து, 1884ல சுல்தான் ஜைனல் அபிடின் காலத்துல கட்டுனது. தூணு மேல தூக்கி நிக்குற வீடு, காத்து கீழயும் போகும் மேலயும் போகும். ஏர்கான் குளுருக்கு அப்புறம் அந்த மர நெழல்ல நின்னா நல்லா இருந்துச்சு. மொத ப்ரோட்டோன் சாகா காரும் முசியத்துலதான் இருக்கு, அந்த கார்லதான் நம்மள்ல பாதிபேரு பொறந்த ஊருக்கு போயி வந்தோம்.

ஆனா அப்பா இதெல்லாம் பாக்கல. அவரு கண்ணு நேரா பழைய நீராவி எஞ்சின் மேல. காலையில இருந்து முட்டி வலிக்குதுன்னவரு, அங்க விறுவிறுன்னு நடந்து போறாரு. அவரு வேலைக்கு சேந்தப்போ நீராவி எஞ்சினோட கடைசி காலம், டீசல் எறங்கி பல வருஷம் ஆயிடுச்சு, ஆனா வர்க்‌ஷாப்புல இன்னும் ரெண்டு மூணு வந்து போகுமாம். எஞ்சின சுத்தி ஒரு ரவுண்டு வந்தாரு. சக்கரத்த சக்கரத்தோட சேக்குற அந்த நீள இரும்புத் தண்ட காட்டி, "இத கழட்ட நாலு பேரு வேணும், மாட்டும்போது மயிரிழை தப்புனா ஓடுறப்போ ஒடஞ்சிடும்"னாரு. ஒவ்வொரு மூட்டுலயும் எண்ணெய் விடுற சின்ன கிண்ணம் மாதிரி ஒண்ணு இருக்கும், அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சு மூடியிருந்துச்சு, அப்பா வெரலால அத தடவிப் பாத்துட்டு "தெனம் காலையில இதத்தான் மொதல்ல பாக்கச் சொல்லுவாரு எங்க மண்டோர், அதான் மேஸ்திரி, எண்ணெய் இல்லாம எஞ்சின அனுப்பிட்டா அவரு கெட்ட வார்த்தையில அர்ச்சனை பண்ணுவாரு"ன்னாரு. பையன் கேட்டான் தாத்தா இத நீங்க ஓட்டிருக்கீங்களான்னு. ஓட்டல, ஓட வச்சிருக்கேன்னாரு. அந்த ஒரு வார்த்தைய சொல்லும்போது அப்பா நிமிந்து நின்ன நிலை எனக்கு இன்னும் கண்ணுல இருக்கு.

போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். காலையிலயே போயிடுங்க, ஒன்பது மணிக்கு தெறக்குறாங்க, பள்ளிக்கூட பஸ்சுங்க வந்து எறங்குறதுக்குள்ள கீழ் தளத்த அமைதியா பாத்துடலாம். பசியாறிட்டு போங்க, இல்லன்னா பாதியில புள்ளைங்க படுத்தும். கெழவங்களுக்கு எங்க ஒக்கார எடம் இருக்கோ அங்கெல்லாம் ஒக்கார விடுங்க, அவசரப்படுத்தாதீங்க, அவங்க ஒக்காந்துதான் பேச ஆரம்பிப்பாங்க. முடிஞ்சா போன்ல ரெக்கார்டு போட்டு வச்சுக்கோங்க. நான் அன்னைக்கு ரப்பர் பகுதியில போடல, அப்பா உளி புடிச்சு காட்டுனதெல்லாம் என் மனசுல மட்டும்தான் இருக்கு, எஞ்சின்கிட்ட பேசுனது மட்டும் ஆறு நிமிஷம் இருக்கு, தங்கச்சிக்கு அனுப்புனேன், அவ ஜொகூர்ல உக்காந்து அழுதுருக்கா. ஸ்டார் குடுக்கணும்னா அஞ்சுக்கு அஞ்சே குடுப்பேன், ரெண்டு வெள்ளிக்கு அஞ்சு மணி நேரம் அப்பாவோட பேச்சு கெடச்சுதுன்னா வேற எப்படி போடுறது.

வீட்டுக்கு வந்து சாப்புட்டு படுத்த அப்பா சாயங்காலம் எழுந்து வந்து, "அந்த கடாரம் எடம் இப்ப எங்க இருக்கு, போயி பாக்க முடியுமா"ன்னு கேட்டாரு. மெர்போக்ல அங்கயே ஒரு முசியம் இருக்கு, பக்கத்துலயே புக்கிட் பத்து பாஹாட் கோயில திருப்பி அடுக்கி நிறுத்தி வச்சிருக்காங்கன்னு சொன்னேன். பஸ்சுல வேணாம், ரயில்ல போலாம்னாரு. பள்ளிக்கூட லீவுக்கு சுங்கைப்பட்டாணி வரைக்கும் ஈடிஎஸ் ரயில் டிக்கெட்டு மூணு எடுத்துட்டேன், ஜன்னல் சீட்டு யாருக்குன்னு தாத்தாவும் பேரனும் இன்னும் முடிவு பண்ணல.